சார்ஜ்: ஒரே வார்த்தை, எத்தனை அர்த்தம்? படிப்படியா ஒரு முழு வழிகாட்டி

எங்க மாமாவுக்கு காவேரிப்பட்டணம் பக்கத்துல ரெண்டு ஏக்கர் மாந்தோப்பு இருக்கு, பூரா பெங்களூரா மரம், கூழ் ஃபேக்டரிக்கு போற காய். சில வருஷம் முன்னாடி அந்த நிலத்து மேல ஒரு பேங்க்ல கடன் வாங்கினாரு. பேப்பர்ல கையெழுத்து வாங்கும்போது அங்க இருந்தவர் "நிலத்து மேல சார்ஜ் கிரியேட் பண்றோம், இங்க சைன் போடுங்க"ன்னு சொல்லியிருக்காரு. மாமா உடனே "சார்ஜ் எவ்ளோ சார்?"னு கேட்டிருக்காரு. "அதுக்குன்னு தனியா எதுவும் கட்ட வேணாம்"னு பதில். சரி, ஃபீஸ் இல்லன்னு சந்தோஷமா கையெழுத்து போட்டுட்டு வந்துட்டாரு.

கடனை ஒழுங்கா கட்டி முடிச்சாரு, ஒரு தவணை கூட தவறல. அப்புறம் பொண்ணு கல்யாணத்துக்காக அரை ஏக்கர் விக்கலாம்னு பாத்தா, வாங்க வந்தவங்க வில்லங்கம் போட்டு பாத்து "நிலத்து மேல பேங்க் சார்ஜ் நிக்குதே"ன்னு சொல்லி பின்வாங்கிட்டாங்க. கடன் முடிஞ்சிருச்சு ஆனா சார்ஜை எடுத்து விடச்சொல்லி யாரும் கேக்கல, ஏன்னா அப்படி ஒன்னு இருக்குன்னே மாமாவுக்கு தெரியல. பேங்க்ல லெட்டர் வாங்கி, சப் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவு பண்ணி எல்லாம் முடியறதுக்கு ஒன்றரை மாசம் ஆச்சு, அதுக்குள்ள அந்த பார்ட்டி வேற இடம் வாங்கிட்டாங்க.

மாமா ஒன்னும் படிக்காதவர் இல்ல. சார்ஜ்ங்கற வார்த்தை அவர் தினமும் பேசற வார்த்தை. பஸ் சார்ஜ், செல்லுல சார்ஜ், லாரி ஆபீஸ்ல புக்கிங் சார்ஜ். அதனாலதான் அது தெரிஞ்ச வார்த்தைன்னு நெனச்சு நின்னுட்டாரு. தெரியாத வார்த்தைன்னா யார்கிட்டயாவது கேட்டிருப்பாரு.

நான் ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை பாக்கறேன், ஞாயித்துக்கிழமை காலைல எங்க தெரு பசங்க அஞ்சாறு பேர் வீட்டுக்கு வருவாங்க, ஐடிஐ முடிச்சவங்க, டிப்ளமோ படிக்கறவங்க, இன்டர்வியூக்கு போகணும்னு இங்கிலீஷ் கத்துக்க வருவாங்க. மாமா விஷயம் நடந்ததுக்கு அப்புறம் நான் முதல் க்ளாஸ்ல எடுக்கற வார்த்தையே இதுதான். அந்த க்ளாஸைத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல் படி: வேரை புடிங்க

டிக்ஷனரிய தொறந்தா சார்ஜுக்கு இருபது அர்த்தத்துக்கு மேல போட்டிருப்பான். அத வரிசையா மனப்பாடம் பண்ணா ரெண்டு நாள்ல மறந்துடும். அதுக்கு பதிலா அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு தடவை பாத்துடுங்க.

பழைய லத்தீன்ல கார்ருஸ்னா வண்டி, சக்கரம் வெச்ச சரக்கு வண்டி. அதுலேர்ந்து கார்ரிகாரேன்னு ஒரு வினைச்சொல் வந்துச்சு, வண்டியில லோடு ஏத்தறதுன்னு அர்த்தம். அது பிரெஞ்சுல சார்ஜேன்னு ஆகி, 13ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்குள்ள சார்ஜ்னு வந்துச்சு. கார், கார்கோ, கேரி எல்லாமே அதே வண்டியோட புள்ளைங்கதான்.

ஆக சார்ஜோட அடி அர்த்தம் லோடு ஏத்தறது, அவ்ளோதான். சீசன்ல கிருஷ்ணகிரி மாங்கா மண்டி பக்கம் போய் ஒரு அரை மணி நேரம் நில்லுங்க. கூடை கூடையா வண்டியில ஏத்துவாங்க, ஏத்த ஏத்த பின்னாடி பட்டை தாழ்ந்துகிட்டே வரும், டயர் அமுங்கும், கடைசியா தார்ப்பாய் போட்டு கயிறு இழுத்து கட்டுவாங்க. அந்த காட்சிய மனசுல வெச்சுக்கிட்டா இந்த வார்த்தையோட எல்லா அர்த்தமும் அதுக்குள்ளயே கிடைக்கும்.

இன்னொரு விஷயம் சொல்றேன், எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம். நம்ம தமிழும் இதே வழியிலதான் யோசிச்சிருக்கு. "குற்றம் சுமத்தினார்"னு சொல்றோம், சுமத்தறதுன்னா என்ன, சுமைய தூக்கி தலையில வெக்கறது. "வரிச்சுமை"ன்னு சொல்றோம், பணம் கட்டறதும் சுமை. "பொறுப்பு"ங்கறது பொறுங்கற வேர்லேர்ந்து வந்தது, பொறுக்கறதுன்னா தாங்கறது. "மின்னேற்றம்"ங்கறதுல ஏத்தறது நேராவே இருக்கு. இங்கிலீஷ்காரன் ஒரே வார்த்தைய வெச்சு நாலு எடத்துல பொழங்கறான், நாம நாலு வார்த்தை வெச்சிருக்கோம், ஆனா நாலுக்கும் அடியில இருக்கறது சுமைதான். பழைய ரோட்டோரத்துல சுமைதாங்கி கல்லு பாத்திருப்பீங்க, தலைச்சுமைய எறக்கி வெச்சு எளப்பாற. சார்ஜ்னு எங்க வந்தாலும் அந்த கல்ல நெனச்சுக்கங்க.

ரெண்டாவது படி: யார் மேல என்ன ஏறுதுன்னு கேளுங்க

ஒரு வாக்கியத்துல சார்ஜ் வந்தா ரெண்டே கேள்வி. என்ன லோடு? யார் மேல ஏறுது?

ஆட்டோக்காரர் எரநூறு ரூபா சார்ஜ் பண்ணாருன்னா, லோடு பணம், ஏறுனது உங்க பர்ஸ் மேல. செல்லு சார்ஜ் ஆகுதுன்னா, லோடு கரண்ட், ஏறுறது பேட்டரியில. ஒருத்தர் ஷிஃப்ட் இன்சார்ஜ்னா, லோடு அந்த ஷிஃப்ட்டு, ஏறியிருக்கறது அவர் தலையில. போலீஸ் ஒருத்தர் மேல திருட்டு சார்ஜ் போட்டாங்கன்னா, லோடு அந்த குத்தம். யானை சார்ஜ் பண்ணுச்சுன்னா, அதோட மொத்த உடம்பு வெயிட்டும் எதிர்ல இருக்கறவன் மேல வருது. பேங்க் நிலத்து மேல சார்ஜ் வெச்சுச்சுன்னா, கடன்ங்கற லோடு அந்த நிலத்து மேல ஒக்காந்திருக்கு, நாம எறக்கற வரைக்கும் எறங்காது.

அன்னைக்கு மாமா இந்த ரெண்டு கேள்விய கேட்டிருந்தா போதும். "சார்ஜ் எவ்ளோ"ன்னு கேட்டதுக்கு பதிலா "எது மேல சார்ஜ், எதுக்காக"ன்னு கேட்டிருந்தா அந்த ஆபீசர் வெளக்கியே ஆகணும்.

தொழில் எடத்துலயும் இது அப்படியே பொருந்தும். ஓசூர் பக்கம் ஃபவுண்டரியில வேலை பாக்கற பசங்களுக்கு தெரியும், ஃபர்னஸ்ல ஒரு தடவைக்கு கொட்டற இரும்பு, ஸ்கிராப் எல்லாம் சேத்து சார்ஜ்னுதான் சொல்லுவாங்க. கிரானைட் குவாரியில துளை போட்டு உள்ள வெக்கற வெடிமருந்தும் சார்ஜ்தான். ஃபிரிட்ஜ் மெக்கானிக் வந்து "கேஸ் சார்ஜ் பண்ணனும்"னு சொல்றாரே, அதுவும் உள்ள ஏத்தறதுதான்.

மூணாவது படி: பணம்னு தெரிஞ்சா, சரியான வார்த்தைய எடுங்க

இங்கதான் நம்ம பசங்க அதிகமா தடுமாறறாங்க, அதனால கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன். நாம எல்லாத்துக்கும் சார்ஜ்னு சொல்லிடறோம். இங்கிலீஷ்ல ஒவ்வொரு எடத்துக்கும் ஒரு வார்த்தை உண்டு.

பஸ்ஸு, ரயிலு, ஆட்டோ இதுல போறதுக்கு குடுக்கற காசு ஃபேர். தருமபுரியிலேர்ந்து ஒகேனக்கல் போக எவ்ளோன்னு கேக்கணும்னா "வாட் இஸ் த பஸ் ஃபேர்?"னு கேக்கணும். பஸ் சார்ஜ்னு சொன்னா இந்தியாவுல எல்லாருக்கும் புரியும், தப்பா போயிடாது, ஆனா எழுதும்போது ஃபேர்தான் சரி.

டாக்டர், வக்கீல், ஸ்கூல், பரீட்சை இதுக்கெல்லாம் ஃபீ. அதாவது படிச்ச ஒருத்தரோட சேவைக்கோ, ஒரு எடத்துல சேர்றதுக்கோ, எழுதறதுக்கோ குடுக்கறது. ரோட்ட பயன்படுத்த குடுக்கறது டோல், கிருஷ்ணகிரி டோல்கேட் நமக்கு தெரியாததா. வீட்டுக்கு, கடைக்கு மாசாமாசம் குடுக்கறது ரென்ட். தப்பு பண்ணி கட்டறது ஃபைன். எந்த சேவைக்கு எவ்ளோன்னு போட்டு வெச்ச ரேட் பட்டியல் டாரிஃப், கரண்டுக்கு யூனிட்டுக்கு இவ்ளோன்னு போட்டிருக்கறது, லாட்ஜ்ல ரூமுக்கு இவ்ளோன்னு மாட்டியிருக்கறது எல்லாம் டாரிஃப்.

அப்போ சார்ஜ் எங்க வரும்? ஒரு சேவைக்கு ஒருத்தர் கேக்கற தொகைக்கு. டெலிவரி சார்ஜ், சர்வீஸ் சார்ஜ், பேங்க்ல ப்ராசசிங் சார்ஜ். ஒரு பொருள காசு குடுத்து வாங்கறதுக்கு சார்ஜ் வராது, ப்ரைஸ்தான் வரும்.

ப்ரைஸுக்கும் காஸ்ட்டுக்கும் வித்தியாசம் கேட்டா டிகிரி முடிச்சவங்க கூட முழிப்பாங்க, ஆனா ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கு போற எந்த விவசாயியும் சொல்லிடுவாரு. நாத்து, மருந்து, ஆள்கூலி, பெட்டி, வண்டி வாடகை எல்லாம் சேத்து ஒரு பெட்டிக்கு நமக்கு எவ்ளோ ஆச்சோ அது அடக்கம். மண்டியில என்ன போகுதோ அது விலை. அடக்கம்தான் காஸ்ட், விலைதான் ப்ரைஸ். விலை அடக்கத்துக்கு கீழ போச்சுன்னா தக்காளிய ரோட்டுல கொட்டிட்டு வர்ற நெலம. அந்த வலி தெரிஞ்சவனுக்கு இந்த ரெண்டு வார்த்தையும் எந்த காலத்துலயும் மாறிப்போகாது.

கரண்ட் பில்லு ஒரு நல்ல பயிற்சி. வீட்டு இணைப்புக்கு முதல்ல குறிப்பிட்ட யூனிட்டு வரைக்கும் இலவசம், அத இங்கிலீஷ்ல "ஃப்ரீ ஆஃப் சார்ஜ்"னு எழுதுவாங்க. "நோ சார்ஜ்"னாலும் அதேதான், காசு இல்லன்னு அர்த்தம். இத ஞாபகம் வெச்சுக்கங்க, அடுத்த படியில வேணும்.

நாலாவது படி: செல்லு சார்ஜ்

என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன், அஞ்செட்டி பக்கம் ஊரு, ஒரு கம்பெனியில கூப்ட்ட நேரத்துக்கு ஃபோன் எடுக்க முடியல. அப்புறம் மெசேஜ் அனுப்பியிருக்கான், "சாரி சார், மை ஃபோன் நோ சார்ஜ்"னு. அந்த கம்பெனியிலேர்ந்து கூப்ட்ட அம்மா பெங்களூர்ல இருந்து பேசறவங்க, அவங்களுக்கு என்ன புரிஞ்சுதோ தெரியல, பதிலே வரல. வார்த்தைக்கு வார்த்தை பாத்தா என் ஃபோனுக்கு காசு கெடையாதுன்னு வருது. பையன் அழாத குறையா என்கிட்ட காட்டினான், எனக்கே மனசு கஷ்டமா போச்சு, ஏன்னா அவன் தப்பு ஒன்னும் பண்ணல, தமிழ்ல "சார்ஜ் இல்ல"ன்னு சொல்றத அப்படியே போட்டுட்டான்.

சொல்ல வேண்டியது: "மை பேட்டரி வாஸ் டெட்" இல்லன்னா "மை ஃபோன் ரேன் அவுட் ஆஃப் பேட்டரி". கொஞ்சமா இருக்குன்னா "மை பேட்டரி இஸ் லோ". "சார்ஜ் போடு"ங்கறத "புட் சார்ஜ்"னு எழுதாதீங்க, "சார்ஜ் த ஃபோன்" போதும், இல்லன்னா "ப்ளக் இட் இன்". ரீசார்ஜ் பண்றத நம்ம ஊர்ல ரீசார்ஜ்னே சொல்லலாம், வெளிநாட்டுல பல எடத்துல டாப் அப்னு சொல்லுவாங்க.

பேட்டரிக்கு இந்த வார்த்தை எப்படி வந்துச்சுன்னா, 1740கள்ல லெய்டன் ஜாடின்னு ஒன்னு கண்டுபுடிச்சாங்க, கண்ணாடி ஜாடிக்குள்ள மின்சாரத்த சேத்து வெக்கறது. 1747 வாக்குல அமெரிக்காவுல பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அத வெச்சு சோதனை பண்ணும்போது மின்சாரத்த ஒரு திரவம் மாதிரி நெனச்சாரு, ஜாடியில அது ஏறும் எறங்கும்னு. அதனால சார்ஜ்னே எழுதினாரு. ப்ளஸ், மைனஸ்னு பேர் வெச்சதும் அவர்தான். அந்த காலத்துல துப்பாக்கியில மருந்து ஏத்தறதுக்கும் சார்ஜ்னுதான் பேரு.

டிப்ளமோ பசங்களுக்காக ஒரு கணக்கு. சார்ஜோட அளவு கூலூம். ஒரு ஆம்பியர் கரண்ட்டு ஒரு செகண்ட் ஓடுனா ஒரு கூலூம். உங்க ஃபோன் பேட்டரியில 5000 மில்லி ஆம்பியர் அவர்னு போட்டிருந்தா அது 5 ஆம்பியர் ஒரு மணி நேரம், அதாவது 5 பெருக்கல் 3600, மொத்தம் 18,000 கூலூம். பேட்டரி மேல போட்டிருக்கற அந்த நம்பர் எவ்ளோ லோடு புடிக்கும்ங்கறதுதான், லாரியில இத்தனை டன்னுன்னு எழுதியிருக்கற மாதிரி.

அஞ்சாவது படி: இன்சார்ஜ்

நம்ம பசங்க ரெசியூம்ல "ஐ வாஸ் லைன் இன்சார்ஜ்"னு எழுதறாங்க. கம்பெனிக்குள்ள பேச்சுல சரி, ஆனா எழுத்துல "ஐ வாஸ் இன் சார்ஜ் ஆஃப் த அசெம்ப்ளி லைன்"னு எழுதுங்க. இன், சார்ஜ் ரெண்டும் தனித்தனி வார்த்தை. பதவி பேரா போடணும்னா சூப்பர்வைசர்னோ ஷிஃப்ட் லீடர்னோ போடறது நல்லது.

இதுல ஒரு பொடி விஷயம் இருக்கு, கவனமா பாருங்க. "த நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த சைல்ட்"னா நர்ஸ் கொழந்தைய பாத்துக்கறாங்க. "த சைல்ட் இஸ் இன் த சார்ஜ் ஆஃப் த நர்ஸ்"னா கொழந்தை நர்ஸோட பொறுப்புல இருக்கு. ரெண்டும் ஒரே நிலவரம்தான், ஆனா நடுவுல ஒரு "த" வந்த ஒடனே யாரு சுமக்கறாங்க யாரு சுமை ஆகறாங்கங்கறது மாறிடுது. அந்த "த"வ விட்டுட்டு "த மெட்டீரியல் இஸ் இன் சார்ஜ் ஆஃப் ஸ்டோர்கீப்பர்"னு எழுதுனா, பொருள் ஸ்டோர்கீப்பர மேய்க்குதுன்னு ஆயிடும். எங்க டிஸ்பாட்ச் ரெஜிஸ்டர்ல இத நான் பல தடவை பாத்திருக்கேன்.

கவர்மென்ட் பக்கம் "சார்ஜ் எடுத்தாரு"ன்னு சொல்லுவாங்க, "அஸ்யூம்டு சார்ஜ்". 1965ல சேலத்துலேர்ந்து தருமபுரி தனி மாவட்டம் ஆச்சு, 2004 பிப்ரவரியில தருமபுரியிலேர்ந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சுது, புதுசா கலெக்டர் வந்து சார்ஜ் எடுத்தாங்க. ஒரு ஆபீசர் இல்லாத எடத்த பக்கத்து ஆபீசர் பாத்தா "அடிஷனல் சார்ஜ்", கூடுதல் பொறுப்பு. இத கூடுதல் கட்டணம்னு மொழிபெயர்த்த ஒரு விடைத்தாள பாத்திருக்கேன், அதனாலதான் சொல்றேன்.

இதுக்கு இணையான வார்த்தைங்க: ரெஸ்பான்சிபிலிட்டி, கேர், கஸ்டடி, கன்ட்ரோல். எல்லாம் ஒன்னு இல்ல. கேர்ல பாசம் இருக்கு, கஸ்டடியில பூட்டு இருக்கு, கன்ட்ரோல்ல அதிகாரம் இருக்கு. ரெஸ்பான்சிபிள் ரெண்டு பக்கமும் போகும், "ஹி இஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் சேஃப்டி"ன்னா பொறுப்பு, "ஹி இஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் த ஆக்சிடென்ட்"னா அவனாலதான் நடந்துச்சு. இன் சார்ஜுக்கு அந்த ரெண்டாவது அர்த்தம் வராது.

ஆறாவது படி: குத்தம் சுமத்தற சார்ஜ்

பேப்பர் படிக்கறவங்களுக்கு இந்த படி ரொம்ப முக்கியம், ஒருத்தர் மானம் சம்பந்தப்பட்டது.

ப்ளேம், அக்யூஸ், சார்ஜ், கன்விக்ட். இந்த நாலும் நாலு படிக்கட்டு. ப்ளேம் வீட்டுல கூட நடக்கும், கறி தீஞ்சதுக்கு யார திட்டறதுன்னு. அக்யூஸ்னா "நீதான் பண்ணே"ன்னு ஒருத்தர் வெளிப்படையா சொல்றது, யார் வேணா யார வேணா சொல்லலாம். சார்ஜ்னா சட்டப்படி அந்த குத்தத்த அவர் மேல ஏத்தறது, போலீஸ், கோர்ட் இவங்க வேலை. கன்விக்ட்னா கோர்ட் விசாரிச்சு குத்தவாளின்னு தீர்ப்பு சொல்றது.

போலீஸ் விசாரணைய முடிச்சு கோர்ட்ல குடுக்கற அறிக்கையத்தான் நாம சார்ஜ்ஷீட்னு சொல்றோம், குற்றப்பத்திரிகை. 2024 ஜூலை 1லேர்ந்து பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு பதிலா பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கு, ஆனா அந்த பேப்பரோட பேரு ஊர்ல மாறல. அதுக்கப்புறம் கோர்ட் இந்த இந்த குத்தத்துக்கு விசாரிக்கறோம்னு பதிவு பண்றது சார்ஜ் ஃப்ரேம் பண்றது. இது வரைக்கும் வந்தாலும் அந்த ஆள் குத்தவாளி இல்ல. சார்ஜ்ஷீட் ஆச்சுன்னு கேட்டதும் "தப்பு நிரூபணம் ஆயிடுச்சு"ன்னு டீக்கடையில பேசறோம் பாருங்க, அது ரொம்ப பெரிய தப்பு, ஒரு குடும்பத்தையே தலைகுனிய வெச்சிடும்.

வார்த்தைக்கு பின்னாடி வர்ற ஒட்டும் மாறும். சார்ஜ்டு வித் தெஃப்ட், அக்யூஸ்டு ஆஃப் தெஃப்ட், அரெஸ்டட் ஃபார் தெஃப்ட். வித், ஆஃப், ஃபார். இத மட்டும் மனப்பாடம் பண்ணிடுங்க, போட்டித் தேர்வுல கேக்கற எடம்.

அரசு ஊழியர் வீட்டுல இருக்கறவங்களுக்கு சார்ஜ் மெமோ தெரியும், 17 ஏ, 17 பின்னு சொல்லுவாங்க. தமிழ்நாடு ஒழுங்கு நடவடிக்கை விதியில 17 ஏ சின்ன தண்டனைக்கு, 17 பி பெரிய தண்டனைக்கு. போலீஸ் கேஸ் கெடையாது, துறைக்குள்ள நடக்கறது. ஆனா சுமத்தறது சுமத்தறதுதான்.

ஏழாவது படி: பாஞ்சு வர்ற சார்ஜ்

லத்தி சார்ஜ், தடியடி. இங்கிலாந்துக்காரங்க இத பேட்டன் சார்ஜ்னு சொல்லுவாங்க.

நம்ம பக்கம் இந்த அர்த்தத்துக்கு உதாரணம் தேடவே வேணாம். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கமெல்லாம் கேவுரு கதிர் புடிக்கற சமயத்துல யானைக் கூட்டம் எறங்கும். ராத்திரி காவலுக்கு இருக்கறவங்க "யானை தொரத்துச்சு"ன்னு சொல்லுவாங்க. அத இங்கிலீஷ்ல சேஸ்னு எழுதறதா சார்ஜ்னு எழுதறதா? ஓடறவன் பின்னாடியே வந்தா சேஸ். நின்ன எடத்துலேர்ந்து நேரா நம்மள பாத்து மோதற மாதிரி வந்தா சார்ஜ், "த எலிஃபன்ட் சார்ஜ்டு அட் அஸ்". அட் முக்கியம். காத விரிச்சு பிளிறிகிட்டு பாதி தூரம் ஓடி வந்து நின்னுடுச்சுன்னா அதுக்கு மாக் சார்ஜ்னு பேரு, மெரட்டறதுக்கு வர்றது. பேரு தெரிஞ்சதுக்காக யாரும் நின்னு பாத்துகிட்டு இருக்காதீங்க, எது மெரட்டல் எது நெசம்னு நமக்கு தெரியாது, ஊருக்குள்ள தகவல் சொல்லிட்டு ஒதுங்கிடுங்க.

எட்டாவது படி: முன்னாடி ஒட்டுற சொல்லு

லோடுங்கற வேர் கையில இருந்தா இது தானா வரும். ஓவர்சார்ஜ்னா அளவுக்கு மேல ஏத்தறது, கடைக்காரர் எம்ஆர்பிக்கு மேல வாங்கினாலும் அதான், பேட்டரி உப்பறதும் அதான். சர்சார்ஜ்னா ஏற்கனவே இருக்கற கட்டணத்து மேல இன்னொரு அடுக்கு. ரீசார்ஜ்னா மறுபடி ஏத்தறது, சிம்முக்கும் சொல்லலாம், நிலத்தடி நீருக்கும் சொல்லலாம். மழைத்தண்ணிய கீழ எறக்கற குழிய ரீசார்ஜ் குழின்னு சொல்றது அதனாலதான், நம்ம தருமபுரி மாதிரி வறண்ட எடத்துக்கு அந்த ரீசார்ஜ்தான் முதல்ல வேணும்.

டிஸ்சார்ஜ் லோடு எறக்கறது. ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ்னா நம்மள பாத்துக்கற பொறுப்ப அவங்க எறக்கி வெக்கறாங்க. ஒகேனக்கல்ல தண்ணி வர்ற செய்தியில "வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி"ன்னு சொல்றாங்களே, அந்த ஓட்டத்தோட அளவும் இங்கிலீஷ்ல டிஸ்சார்ஜ்தான், ஒரு கன அடின்னா சுமார் 28 லிட்டர். தென்பெண்ணையில கெலவரப்பள்ளி அணைகிட்ட வெள்ளை வெள்ளையா நுரை பொங்குதே, அதுக்கு காரணமா சொல்ற கழிவுநீர் கலப்பும் டிஸ்சார்ஜ். கோர்ட்ல டிஸ்சார்ஜ்னா விசாரணை தொடங்கறதுக்கு முன்னாடியே போதுமான ஆதாரம் இல்லன்னு அவர விடுவிக்கறது. விசாரிச்சு முடிச்சு குத்தமில்லன்னு விடறது அக்விட்டல். ரெண்டுத்தையும் தமிழ் செய்தியில விடுதலைன்னே போட்டுடறாங்க, ஆனா ஒன்னு இல்ல.

ஒன்பதாவது படி: கையால எழுதிப் பாருங்க

சின்ன நோட்டு ஒன்னு போடுங்க. ஒரு வாரம், சார்ஜ்னு எங்க பாத்தாலும், பஸ் டிக்கெட்டு, மெசேஜ், பேப்பர், கம்பெனி நோட்டீஸ் போர்டு, அந்த வாக்கியத்த அப்படியே எழுதி பக்கத்துல ரெண்டு காலம் போடுங்க, என்ன லோடு, யார் மேல. மூணாவது காலத்துல சார்ஜ எடுத்துட்டு அந்த எடத்துல வேற என்ன வார்த்தை போடலாம்னு எழுதுங்க. வேற வார்த்தை கிடைச்சிருச்சுன்னா அர்த்தம் புரிஞ்சிருச்சுன்னு கணக்கு.

சார்ஜஸ்னு பன்மையில வந்தா கட்டணமா குத்தச்சாட்டான்னு கொழப்பம் வரும், அப்போ கூட இருக்கற வினைய பாருங்க. பே, வெய்வ் (தள்ளுபடி பண்றது) வந்தா கட்டணம். டினை (மறுக்கறது), ஃப்ரேம் வந்தா குத்தச்சாட்டு. ட்ராப் கூட பெரும்பாலும் குத்தச்சாட்டுக்குத்தான் வரும்.

கடைசியா மாமா கையெழுத்து போட்ட வாக்கியம். "எ சார்ஜ் இஸ் கிரியேட்டட் ஓவர் த ப்ராப்பர்ட்டி". என்ன லோடு? கடன். எது மேல? சொத்து மேல. வேற வார்த்தை? செக்யூரிட்டி, என்கம்பரன்ஸ், தமிழ்ல வில்லங்கம், பொறுப்புரிமைன்னு வரும். 1882ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம் 100ஆம் பிரிவுல சார்ஜ்னா என்னன்னு விளக்கம் இருக்கு. நிலம் உங்க பேர்லதான் இருக்கும், நீங்கதான் உழுவீங்க, ஆனா அந்த பணத்துக்கு நிலம் ஈடா நிக்கும். அடமானம் வேற, இது வேற.

அதனால நிலத்து மேல கடன் வாங்கறவங்க, கையெழுத்து போடும்போதே எந்த சர்வே நம்பர் மேல, எவ்ளோ தொகைக்கு சார்ஜுன்னு கேட்டு, பேப்பரோட ஒரு காப்பி வாங்கிக்கங்க. கடைசி தவணை கட்டின அன்னைக்கே, வீட்டுக்கு கெளம்பாம, கடன் முடிஞ்சதுக்கான லெட்டரையும் சார்ஜ விடுவிக்கற பேப்பரையும் கேளுங்க, சப் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல அத பதிவு பண்ணுங்க, ஒரு மாசம் கழிச்சு நீங்களே ஆன்லைன்ல வில்லங்கம் போட்டு அந்த பதிவு ஏறியிருக்கான்னு பாத்துடுங்க.

மாமா இப்போ ரெண்டு ஏக்கருக்கும் சேத்து வில்லங்கச் சான்று எடுத்து, கண்ணாடி போட்டுகிட்டு வரிவரியா படிச்சு, பீரோவுல பத்திரமா வெச்சிருக்காரு.